ஓடும்போது மறந்துபோகிற விதிகள்

லார்ப்புக்கு விதி எழுதுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. நாலு நாள் உட்கார்ந்தால் நாற்பது பக்கம் தேறிவிடும், படிக்கவும் நன்றாகவே இருக்கும். அந்த நாற்பது பக்கத்தில் எத்தனை வரி, மூச்சிரைக்க ஓடிவந்து கையில் ஃபோம் வாளோடு நிற்கிற ஆளின் மண்டையில் தங்குகிறது என்று பார்க்கப் போனால்தான் கதை வேறு. என் தோழி ஒருத்தி புதிதாக ஒரு லார்ப் எழுதியிருக்கிறாள், அதற்கு ப்ளேடெஸ்ட், அதாவது ஆட்களை வைத்து ஆடி விதிகளைச் சோதிப்பது, நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எழுதுவது அவள், உடைத்துப் பார்ப்பது நான். இந்தப் பாகப்பிரிவினை எங்கள் நட்புக்கு நல்லதா என்று தெரியாது, விளையாட்டுக்கு நல்லது.

லார்ப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ரோல்பிளே உண்டல்லவா, அதையே எழுந்து நின்று உடம்போடு ஆடுவது. "நான் கதவைத் திறக்கிறேன்" என்று சொல்லக்கூடாது, போய்த் திறக்கணும். வேஷம் போட்டு, அந்தக் கேரக்டராகவே பேசி, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆடுவார்கள். அந்த மேசை விளையாட்டுகளில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது 1974-ல். அது வந்த சூட்டோடு ஆட்கள் மேசையை விட்டு எழுந்துவிட்டார்கள். 1977-ல் வாஷிங்டன் பக்கத்தில் டாகோர்ஹிர் என்று ஃபோம் ஆயுதச் சண்டை தொடங்கியது, 1982-ல் இங்கிலாந்தின் செஷயரில் பெக்ஃபர்ட்டன் கோட்டையையே ஆடுகளமாக்கி ட்ரெஷர் ட்ராப் நடந்தது. இத்தனை வருடமாக அடித்துத் துவைத்துப் பார்த்த விஷயம்தான், ஆனாலும் ஒவ்வொரு புது விளையாட்டும் அதே குழிகளில் ஒரு தடவையாவது விழுந்துதான் எழுந்திருக்கிறது.

எங்கள் விளையாட்டுக்கு இப்போதைக்குப் பெயர் கடைசி ஓடம். ஒரு தீவு, தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது, நாலு குடும்பங்கள், முப்பது ஆட்கள், ஓடங்களில் இடம் பதினெட்டுப் பேருக்குத்தான். ஒரு பகல், ஒரு இரவு. அதற்குள் யார் ஏறுவது, யார் நிற்பது என்று முடிவாகணும். சண்டை, காயம், வைத்தியம், திருட்டு, பேச்சால் மயக்குவது, ஓட இடங்களை விற்பது வாங்குவது, தண்ணீரைத் தள்ளிப்போட ஒரு சடங்கு, இவ்வளவுக்கும் விதி இருக்கிறது. இருந்தது என்று சொல்லணும், பாதி இப்போது இல்லை.

ப்ளேடெஸ்ட் என்றதும் பலர் நினைப்பது, முப்பது பேரைக் கூட்டி முழு விளையாட்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது என்று. அது ஒத்திகை. அதில் எல்லாமே ஒன்றோடொன்று கலந்து வருவதால் எது எதனால் சொதப்பியது என்று பிடிபடாது. நான் துண்டு துண்டாகத்தான் செய்கிறேன், சண்டை மட்டும் ஒரு நாள், திருட்டு மட்டும் ஒரு நாள் என்று. ஒவ்வொன்றிலும் பார்ப்பது ஒரே விஷயத்தை. எல்லாரும் விதியை ஞாபகம் வைத்திருந்து அதன்படியே ஆடினால் எந்த விதியும் வேலை செய்யும், அதை வீட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். மறந்துபோனவர் அந்த நொடியில் என்ன செய்கிறார்? அவர் தானாகச் செய்வது விளையாட்டைக் கெடுக்காமல் இருந்தால் அது நல்ல விதி. கெடுத்தால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், போகவேண்டியதுதான்.

சண்டையை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவில் உடம்பை மார்பு, முதுகு, இரண்டு கை, இரண்டு கால் என்று ஆறு பாகமாகப் பிரித்திருந்தாள். தலையும் கழுத்தும் அடிக்கக்கூடாத இடங்கள், அது பல லார்ப்களில் உள்ளதுதான். கை கால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி, மார்புக்கும் முதுகுக்கும் மூன்று. சிறு கத்தி ஒரு புள்ளி எடுக்கும், வாள் இரண்டு, இரு கைக் கோடாரி மூன்று. அடிக்கிறவர் அடிக்கும்போதே எண்ணைச் சத்தமாகச் சொல்லணும். கவசம் போட்டிருந்தால் அந்தப் பாகத்துக்கு மட்டும் கூடுதல் புள்ளி. காகிதத்தில் பார்த்தால் நியாயமான விதி. கை வெட்டுப்பட்டால் கை போகணும், கால் வெட்டுப்பட்டால் கால் போகணும், சரிதானே?

மூன்று பேர் ஒரு பக்கம், மூன்று பேர் ஒரு பக்கம். நான் ஓரமாக நின்று ஒரே ஒருத்தருக்கு விழும் அடிகளை மட்டும் எண்ணினேன். தொடங்கிய உடனே எல்லாரும் ஒழுங்காக "ரெண்டு!" "மூணு!" என்று கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கத்தல் வெறும் "ஹா!" ஆகிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, எண்ணைச் சொல்ல மூச்சு இல்லை, அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வலது கை போயிற்று. முறைப்படி வாளை இடது கைக்கு மாற்றி, வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டார். பின்னால் நகரும்போது கால் தடுமாறியது, விழாமல் இருக்க அந்த வலது கையைப் பட்டென்று நீட்டினார், நீட்டிய கை அதோடு முன்னாலேயே நின்றுவிட்டது. அடுத்த இரண்டு அடியை அந்த "வெட்டுப்பட்ட" கையால்தான் தடுத்தார். முடிந்ததும் கேட்டால் அவருக்குச் சுத்தமாக ஞாபகமே இல்லை. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, விதி அதைத் தடுக்கப் பார்த்தது, உடம்பு ஜெயித்தது. ஜெயிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் கை மடங்கியிருக்கும்போதே விழுந்து தோளைப் பெயர்த்துக்கொண்டிருப்பார்.

கால் விதி அதைவிட மோசம். கால் போனவர் நொண்டி ஆடினால் கணுக்கால் பிசகும், அதனால் மண்டி போடணும் என்று எழுதியிருந்தாள். பாதுகாப்பை நினைத்து எழுதியதுதான். ஆனால் மண்டி போட்டதும் அவருடைய தலை எதிராளியின் வயிறு, மார்பு உயரத்துக்கு வந்துவிடுகிறது. நிற்கிற ஆளின் மார்பையோ வயிற்றையோ நினைத்து வருகிற சாதாரணப் பக்கவாட்டு வீச்சு, மண்டி போட்டவருக்கு நேராக முகத்தில். ஃபோம்தான், இருந்தாலும் கண் கண்தான். வாளின் உள்ளே ஃபைபர்கிளாஸ் தண்டு இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னாலும் ஒவ்வொரு ஆயுதத்தையும் வளைத்து, நுனியை விரலால் அழுத்தி, தண்டு கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆட விடுகிறேன். தட்டுப்பட்டால் அது அன்றைக்கு மூலைக்குப் போகும். அதற்கென்றே செய்த நுனி இல்லாத எந்த ஆயுதத்தாலும் குத்தக்கூடாது, தண்டு ஃபோமைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இன்னொரு சங்கதி, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கவசத்துக்காகத் தடிமனான அடுக்குத் துணி போட்டவர்களுக்கு மெல்லிய அடி விழுந்ததே தெரியவில்லை. நல்ல பயிற்சி உள்ளவர்கள் வீச்சைக் கடைசியில் இழுத்துப் பிடித்து, தொட்டும் தொடாமலும்தான் அடிப்பார்கள், அதுதான் சரியான முறை. அந்த அடி கணக்கில் வராமல் போகும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்ததைக் கொஞ்சம் ஓங்கி அடிப்பார்கள். அப்படியே கூடிக்கொண்டு போகும். ஜாக்கிரதையாக அடிப்பவர் தோற்கிற மாதிரி, ஓங்கி அடிப்பவர் ஜெயிக்கிற மாதிரி ஒரு விளையாட்டை யாரும் வேண்டுமென்று உருவாக்குவதில்லை, அது தானாக அப்படி ஆகிவிடுகிறது. "மென்மையாக அடிக்கவும்" என்று விதிப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டு என்ன பிரயோஜனம், புள்ளிக் கணக்கு அதற்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தால்?

இப்போதைய விதி இதுதான்: உடம்பு முழுக்கச் சேர்த்து மூன்று அடி. எங்கே பட்டாலும் ஒன்று, எந்த ஆயுதமானாலும் ஒன்று. எண் சொல்ல வேண்டாம். மூன்றாவதில் விழணும். அடித்ததை எதிராளி உணரவில்லை என்று தோன்றினால் இன்னொரு தடவை ஓங்கக்கூடாது, இரண்டு எட்டு பின்வாங்கணும், அவ்வளவே. இப்படி மொத்த உடம்புக்கும் ஒரே கணக்கு வைத்து ஆடும் பெரிய லார்ப்கள் ஏற்கெனவே உண்டு, நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. தோழிக்கு வருத்தம்தான். சண்டை சப்பென்று முடிந்துவிடும், வீரமே இருக்காது என்றாள். ஓட்டிப் பார்த்தபோது சண்டை சீக்கிரம் முடிந்தது உண்மை, அரை நிமிடம்கூடத் தாண்டவில்லை. அதனால் வேறொன்று நடந்தது. மூன்றே அடி என்று தெரிந்ததும் யாருக்கும் வாளை உருவ மனசு வரவில்லை. உறையில் கையை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள், மிரட்டினார்கள், பேரம் பேசினார்கள், ஆளைக் கூட்டிவரப் போனார்கள். முதல் வரைவில் எல்லாரும் தாக்குப்பிடிக்கும் புள்ளி நிறைய இருந்ததால் வாய்த்தகராறு வருமுன்னே வாள் வந்துவிடும். ஓட இடத்துக்காகக் குடும்பங்கள் இழுபறி போடுகிற கதைக்கு எது பொருந்தும் என்று கேட்டேன். ஒரு நாள் பேசாமல் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

அப்புறம் விழுந்தபிறகு. மூன்றடி வாங்கியவர் தரையில் படுத்து மனசுக்குள் முந்நூறு எண்ணணும், அதற்குள் வைத்தியர் வந்தால் பிழைப்பார், வராவிட்டால் சாவு. இந்த மாதிரி எண்ணும் விதி நிறைய விளையாட்டில் இருக்கிறது, நான் அதைப் பெரிதாகச் சந்தேகப்படவில்லை. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. பக்கத்தில் நாலு பேர் கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது யாராலும் ஒழுங்காக எண்ண முடியவில்லை. பயந்தவர் வேகமாக எண்ணுகிறார், வைத்தியர் தூரத்தில் வருவதைப் பார்த்தவர் தன்னை அறியாமல் மெதுவாக எண்ணுகிறார். அதுகூடப் பரவாயில்லை. படுத்திருந்தவர்களின் முகத்தைப் பார்க்கணும்: வானத்தைப் பார்த்துக்கொண்டு உதடு மட்டும் அசைய, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி. சாகக் கிடக்கிறார்கள், விளையாட்டிலேயே பெரிய தருணம் அது, ஆனால் அவர்களுக்குச் செய்ய எண்கணிதம் மட்டும்தான் இருக்கிறது.

எண்ணுவதைத் தூக்கிவிட்டு, விழுந்தவருக்கு ஒரு வேலை கொடுத்துப் பார்த்தோம். வலியில் முனகலாம், யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடலாம். முதலில் யார் பக்கத்தில் வந்து குனிகிறாரோ, அது எதிரியாகவே இருந்தாலும், அவரிடம் தன் கேரக்டருடைய ரகசியம் ஒன்றைச் சொல்லணும். சொல்லி முடித்தபிறகு வைத்தியம் கிடைத்தால் பிழைப்பு, குனிந்தவர் எழுந்து போய்விட்டால் சாவு. எண்ணிக்கை கிடையாது, நடுவர் கிடையாது.

முதல் தடவை ஓட்டியபோதே ஒன்று நடந்தது. ஒருத்தர் விழுந்தார். அவரை வெட்டிய பெண்ணே குனிந்தாள், வேறு யாரும் பக்கத்தில் இல்லை. அவர் அவளுடைய தம்பியின் ஓட இடத்தைத் தான் திருடிவிட்டதாகச் சொன்னார். விதிப்படி அவள் வைத்தியரைக் கூப்பிடலாம், அல்லது போகலாம். அவள் இரண்டும் செய்யாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள், வாளை மடியில் வைத்துக்கொண்டு, நீண்ட நேரம். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். அவர் சொல்ல மாட்டேன் என்றார், சொன்னால் நீ எழுந்து போய்விடுவாய் என்றார். நான் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இப்படி ஒரு இழுபறி இந்த விதியில் ஒளிந்திருப்பது எழுதியவளுக்கே தெரியாது, குனிந்தவர் இருக்கிறவரைதான் உயிர் என்பதை ஆடியவர் படுத்துக்கொண்டே கண்டுபிடித்தார். இதற்காகத்தான் ஆட்களை வைத்து ஓட்டிப் பார்ப்பது.

திருட்டு விதியை அதிகம் பேச வேண்டியதில்லை, அது கணக்கிலேயே செத்துவிட்டது. திருடுகிறவர் இலக்கின் பையில் ஒரு வண்ணக் கிளிப்பை மாட்டணும், கொஞ்ச நேரம் கண்டுபிடிக்கப்படாவிட்டால் நடுவரிடம் போய்ச் சொல்லணும், நடுவர் போய்ப் பொருளை வாங்கிவந்து கொடுப்பார். ஒரு தடவைக்குக் குறைந்தது மூன்று நிமிடம். முப்பது பேரும் மணிக்கு இரண்டே தடவை திருடினால் அறுபது திருட்டு, 180 நிமிட வேலை. ஒரு மணி நேரத்தில். இதற்கு மட்டுமே மூன்று நடுவர்கள் மூச்சு விடாமல் ஓடணும். பொதுவாகவே, நடுவரைக் கூப்பிடச் சொல்கிற எந்த விதியையும் முதலில் பெருக்கிப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். இப்போது கிளிப்பும் இல்லை நடுவரும் இல்லை. விளையாட்டுப் பொருள் என்று சிவப்பு நாடா கட்டியதை எடுத்தால் எடுத்ததுதான், மற்ற எதையும் தொடக்கூடாது.

பேச்சால் மயக்குகிற திறமைதான் எங்களை உண்மையிலேயே அலைக்கழித்தது, இன்னமும் தீரவில்லை. நிஜத்தில் கூச்ச சுபாவமுள்ள ஒருத்தர் நாவன்மை மிக்க தூதராக ஆடணும் என்று ஆசைப்பட்டால் விதி அவருக்குக் கை கொடுக்கணும் இல்லையா. வாள்வீச்சில்லாதவருக்கு மாயம் தருகிற மாதிரி. தோழி ஒரு அட்டை வைத்தாள்: அட்டையைக் காட்டினால் எதிரே நிற்பவர் நீங்கள் சொல்வதை நம்பியே ஆகணும். விளைவு என்ன தெரியுமா, அட்டை வைத்திருப்பவர் வந்தாலே எல்லாரும் எழுந்து வேறு பக்கம் போனார்கள். கூச்சமுள்ளவருக்குப் பேச வாய்ப்பு தரும் என்று வைத்த அட்டை அவரிடம் யாரும் பேசாமல் பண்ணிவிட்டது. சரி, நம்புவதா இல்லையா என்பதைப் போட்டியாக வைக்கலாம் என்று கல்-காகிதம்-கத்தரிக்கு வந்தோம். 1993-ல் வாம்பயர்: த மாஸ்கரேட் என்ற மேசை ரோல்பிளேயின் லார்ப் வடிவம் வந்தபோது சண்டை உட்பட மோதல்களை இதை வைத்துத்தான் தீர்த்தார்கள், பகடையும் மேசையும் இல்லாமல் எங்கே நின்றாலும் ஆடலாம் என்பதால். வசதிதான். ஆனால் இருவரும் யோசிக்காமல் கை நீட்டினால் மூன்றில் ஒன்று ஜெயிப்பு, மூன்றில் ஒன்று தோல்வி, மிச்ச மூன்றில் ஒன்று சமன். சமனுக்கு இன்னொரு விதி வேண்டும், அதற்குள் கண்ணீரோடு கெஞ்சிக்கொண்டிருந்த காட்சி ஆறிப்போயிருக்கும்.

இப்போது அரைகுறையாக நிற்பது இதுதான். அட்டையைக் காட்டினால் எதிரே இருப்பவருக்கு இரண்டே வழி, நம்புவது அல்லது எல்லார் காதிலும் விழும்படி கோபித்துக்கொண்டு எழுந்து போவது. பேசாமல் நழுவ முடியாது. எப்படியானாலும் ஏதோ ஒன்று நடந்தாகணும், அட்டை காட்டியவர் சும்மா நின்று அசடு வழிய வேண்டியதில்லை. பிடித்திருக்கிறது, ஆனால் தந்திரக்காரர்கள் கையில் இது என்னவாகும் என்று இன்னும் பார்க்கவில்லை.

தந்திரக்காரர் என்றதும் ஞாபகம் வருகிறது, ப்ளேடெஸ்டுக்கு அப்படி ஒருத்தர் கட்டாயம் வேண்டும். விதியில் சந்து பார்க்கிற ஆள். எங்கள் குழுவில் ஒருத்தர் இருக்கிறார், ஓட இடத்துக்கான வில்லைகளை எப்படி விற்கலாம் என்ற பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு, விளையாட்டு தொடங்கிச் சிறிது நேரத்திலேயே பதினொரு இடத்தைத் தன் குடும்பத்துக்கு வளைத்துப்போட்டார். மற்ற மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து மிச்சம் ஏழு. அதற்கப்புறம் பகல் முழுக்க மற்றவர்களுக்குச் செய்ய எதுவுமில்லை. அவர் மேல் யாருக்கும் கோபமில்லை, விதி அனுமதித்ததைத்தான் செய்தார், அதுவும் மேசையில் காகிதத்தை வைத்து ஆடும்போதே செய்து காட்டிவிட்டார். இப்போது வில்லைகள் ஒரே சமயத்தில் வருவதில்லை, தண்ணீர் ஏறும் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அவரோடு சேர்த்து, விதியைப் படிக்காமலே வருகிற ஒருத்தரும் வேண்டும். அவர்களுக்குத்தான் பஞ்சமே இல்லை.

காகிதத்தில் இப்படிப் பார்க்க முடியாதது ஒன்று உண்டு: நேரம். சண்டையைப் பத்து நிமிடத்தில் சோதிக்கலாம், வியாபாரத்தை மேசையில் சோதிக்கலாம், வதந்தியை வேகப்படுத்த முடியாது. "ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னு வெச்சுக்கோங்க" என்று சொல்லிப் பார்த்தோம். ஆட்கள் அந்த இரண்டு மணி நேரத்தில் பேசியிருக்கக்கூடியதை யாரும் பேசவில்லை, யார் மேல் யாருக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தர் சொன்ன பொய், மூன்று பேர் வாயில் புகுந்து உருமாறித் திரும்பி அவரிடமே வந்து சேர நிஜமாகவே அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. நம்பிக்கைத் துரோகம் எல்லாம் அந்த மந்தமான நேரத்தில்தான் விளைகிறது. அதனால் அந்தப் பகுதியை மட்டும் முழு நீளத்தில் ஓட்டுவது என்று வைத்துக்கொண்டோம். பார்க்கிறவருக்குக் கொட்டாவி வரும், பரவாயில்லை.

பாதுகாப்பு விதிகளைச் சோதிக்கிற விதம் பற்றிக் கொஞ்சம். இதை நிறையப் பேர் சோதிப்பதே இல்லை, சொல்லிவிட்டால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள், அதுதான் ஆபத்து. நார்வே, சுவீடன் பக்கத்து லார்ப்களில் கட், பிரேக் என்று இரண்டு சொல் வெகுகாலமாக உண்டு. கட் என்றால் எல்லாம் அப்படியே நிற்கணும், பிரேக் என்றால் இந்தக் காட்சியின் சூட்டைக் குறை, ஆனால் தொடரலாம். நாங்கள் முதலில் "நிறுத்து" என்று வைத்திருந்தோம். வாள்சண்டையில் யார்தான் "நிறுத்து" என்று கத்த மாட்டார்கள்? வசனம் என்று நினைத்து ஒருத்தரும் நிற்கவில்லை. பேசாமல் கட், பிரேக் இரண்டையுமே எடுத்துக்கொண்டோம். கேரக்டரை விட்டு விலகாமலேயே "நீ நிஜமாகவே நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று கேட்கிற ஒரு சைகையும் உண்டு: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். பதிலுக்குக் கட்டைவிரல் மேலே போனால் சரி. கீழே போனாலோ, நடுவில் ஆடினாலோ, பதிலே இல்லாவிட்டாலோ அவரைத் தனியே கூட்டிப்போய்க் கவனிக்கணும்.

சொல்லிக்கொடுத்து, ஜோடி ஜோடியாகப் பழக்கிவிட்டு, ஆட்டத்துக்கு நடுவில் ஒரே ஒருத்தரிடம் மட்டும் முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லி வைப்பேன்: கூச்சல் உச்சத்தில் இருக்கும்போது ஒரு கட் கொடு. எத்தனை நொடியில் எல்லாரும் நிற்கிறார்கள், தூரத்தில் இருப்பவர் காதில் விழுந்ததா, யார் நிற்காமல் இன்னொரு அடி அடித்தார், பார்ப்பது அதைத்தான். கேட்டவரெல்லாம் கையை உயர்த்தித் தாங்களும் "கட்" என்று திருப்பிச் சொல்லணும் என்ற வரி அதில் கிடைத்ததுதான். இன்னொன்றும் கிடைத்தது. புதிதாக வருகிறவர்கள் கட் சொல்லவே தயங்குகிறார்கள், எல்லாருடைய ஆட்டத்தையும் கெடுக்கிறோமோ என்று. அதனால் தொடக்கத்திலேயே ஒவ்வொருத்தரும் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்க்கணும் என்று வைத்திருக்கிறேன். ஒருமுறை வாயில் வந்துவிட்டால் இரண்டாவது முறை அவ்வளவு தயக்கம் இல்லை.

டெஸ்ட் முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்பது மாதிரி வீண் வேலை வேறில்லை. நண்பர்கள், நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. எந்த இடத்தில் ஆட்டத்தை மறந்து விதியைப் பற்றி யோசித்தீர்கள்? உங்களுக்கு மிச்சம் எத்தனை அடி இருந்தது, அது எப்படித் தெரியும்? சும்மா நின்றது எப்போது? பேச ஆரம்பிக்கும் முன் ஆளுக்கொரு தாளில் எழுதி வாங்கிவிடணும், இல்லாவிட்டால் முதலில் சத்தமாகப் பேசுகிறவரின் கருத்து எல்லாருடைய கருத்தும் ஆகிவிடும். தீர்வு சொல்லக் கிளம்புவார்கள், "இப்படி மாத்திடுங்களேன்" என்று. அதையும் எழுதிக்கொள்வேன், ஆனால் அதில் பெரும்பாலும் தீர்வைவிட அதற்குப் பின்னால் இருக்கிற எரிச்சல்தான் உபயோகமானது. "வைத்தியருக்கு இன்னும் ரெண்டு மந்திரம் குடுங்க" என்று ஒருத்தர் எழுதினால், வைத்தியராக ஆடியவருக்கு யாரும் காயம்படாத நேரத்தில் வேலையில்லை என்று அர்த்தம்.

விதி எழுதியவள் அந்த இடத்திலேயே இருக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக்கூடாது. இதில் நான் கறார். புத்தகம் எல்லா இடத்துக்கும் போகும், அவள் போக முடியாது. யாராவது ஒரு விதியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஆடும்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்கப் பாவமாக இருக்கும், ஒரு தடவை தாங்க முடியாமல் வெளியே போய்விட்டாள். அந்தத் தலைகீழ்ப் புரிதல்தான், சடங்கைச் செய்கிறவர்கள் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறவரைதான் தண்ணீர் நிற்கும், ஒருத்தர் விட்டாலும் ஏறிவிடும் என்ற இப்போதைய விதி. அவள் எழுதியிருந்ததைவிட ரொம்ப நல்ல விதி. அதை அவளே சொன்னாள்.

அடுத்தது இருட்டு. பகலில் சோதித்த எதுவும் இரவில் அப்படியே நடக்கும் என்று நம்ப முடியாது. விரல் வட்டம் இருட்டில் தெரியாது, சிவப்பு நாடா கறுப்பாகத் தெரியும், எவ்வளவு தூரத்தில் வாள் வருகிறது என்று கண்ணால் அளக்க முடியாது. இரவில் சண்டையே கூடாது என்பது என் கட்சி. விளக்கு ஏற்றிய இடத்தில் மட்டும் இருக்கலாம் என்பது அவள் கட்சி. அதையும் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

கவச விஷயத்தில்தான் அவள் இறங்கி வரவே மாட்டேன் என்கிறாள். கவசம் போட்டால் மூன்றுக்குப் பதில் நாலு அடி என்று வைத்தே ஆகணுமாம், உழைத்துத் தைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஏதாவது கிடைக்கவேண்டாமா என்கிறாள். நியாயம்தான். ஆனால் அடி உறைக்காத பழைய பிரச்சினை அந்த வழியாகத் திரும்பி வரும் என்று எனக்குப் பயம். நேற்று இதைப் பற்றிப் பேசிப் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அடுத்த டெஸ்டில் அந்தத் தடித்த அடுக்குக் கவசத்தைப் போட்டுக்கொண்டு ஆடப்போவது அவள்தான். நான் அடிகளை எண்ணும் கிளிக்கரோடு ஓரமாக நிற்பேன்.